பாதி சம்ப்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எங்கள் புது இன்ஜினியர் பர்வீன் மேடம் இந்த டைரியைக் கையில் கொடுத்து, "அண்ணா, இன்னும் எழுபது நாளைக்கு பம்புக்கு என்னென்ன பண்றீங்களோ அதை தினமும் இதுல எழுதுங்க. பம்பைப் பத்தி மட்டும் எழுதினா போதும்" என்றார். ஏதோ சிமென்ட் கம்பெனி கொடுத்த போன வருஷத்து டைரி. கிழமையை அடித்துவிட்டுத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

என் பெயர் அர்த்தநாரி. வயது ஐம்பத்தாறு. பரமத்திப் பக்கம் கருங்கல்லை உடைத்து மணலாக்கும் ஆலையில், மணல் கழுவும் பிரிவில், பத்தொன்பது வருஷமாகப் பம்பு ஓட்டுகிறேன். உடைத்த மணலைத் தண்ணீரில் கலக்கித் தரைக்குக் கீழே இருக்கும் சம்ப் என்கிற தொட்டியில் விடுவார்கள். அந்தக் குழம்பை நாற்பதடி உயரத்துக்குத் தூக்கிவிடுவது பம்பின் வேலை. பம்புக்குள் சுற்றுகிற இரும்புச் சக்கரத்துக்கு இம்பெல்லர் என்று பெயர். மணல் அதை அரித்துத் தின்றுவிடும். இருபத்தாறு நாளைக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி எனக்குப் பழகிவிட்டது.

இப்போது பிரச்சினை என்னவென்றால், கோயம்புத்தூரில் இம்பெல்லர் வார்த்துக் கொடுப்பவர்கள் அக்டோபர் பன்னிரண்டுக்கு முன்னால் முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். ஸ்டோரில் இருந்த கடைசி ஒன்றை இன்று மாட்டினோம். அதன் இறக்கை இருபத்தெட்டு மில்லிமீட்டர் கனம். பத்து மில்லிக்குக் கீழே போனால் உடையும். நடுவில் உடைந்தால் கழுவும் பிரிவை மூடிவிட்டு, பதினான்கு பேரையும் ஓசூர்ப் பக்கம் இருக்கும் இன்னொரு குவாரிக்கு அனுப்பிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். அங்கே தகரக் கொட்டகையில்தான் தங்க வேண்டும். என் மனைவி பாக்கியம் இங்கே அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். அவள் வர முடியாது. இரண்டு எருமைகள் இருக்கின்றன. அவையும் வராது.

இருபத்தாறு நாள் தாங்குவது எழுபது நாள் எப்படித் தாங்கும் என்று மேடத்திடம் கேட்டேன். "அதைத்தான் பார்க்கப் போறோம்" என்றார். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ஆம்பூர்க்காரர். நம்பிக்கைக்குக் குறைவில்லை.

ஆடிப் பதினெட்டு. பாக்கியம் காவிரிக்குப் போய்விட்டு வந்து தேங்காய்ப்பால் செய்திருந்தாள். மூன்று டம்ளர் குடித்தேன்.

ஆகஸ்ட் 4

காலை ஆறிலிருந்து இரண்டு வரை என் ஷிஃப்ட். இரண்டிலிருந்து பத்து வரை இன்னொருவர். ராத்திரி ஆலை ஓடாது. இரண்டு மணிக்குச் சம்பைக் காலியாக ஒப்படைத்தேன்.

எங்கள் பம்பு ரூமில் இது ஒரு மரியாதை. நம் ஷிஃப்டில் வந்த மணலை அடுத்தவன் தலையில் கட்டிவிட்டுப் போகக் கூடாது. அடி தெரிகிற வரைக்கும் உறிஞ்சி எடுத்துக் காலியாகக் கொடுக்க வேண்டும். விருந்தாளிக்கு எச்சில் இலையைப் போடுவோமா, அது மாதிரி. இந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தவனே நான்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

ஆகஸ்ட் 7

பம்புத் தண்டு உள்ளே நுழைகிற கிளாண்டில் தண்ணீர் சொட்டுவது சரியாக இருக்கிறது. மதிய ஷிஃப்ட்காரர் புதுச் செருப்பு வாங்கியிருக்கிறார் போல. வாசலில் கிடந்தது. எனக்கென்ன.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் இல்லை என்பதால் பம்பைத் திறந்து அளந்தோம். இருபத்துமூன்று. ஒரே வாரத்தில் ஐந்து மில்லி போய்விட்டது. மேடம் குறித்துக்கொண்டார். எனக்கு ஓசூர்க் குளிர் இப்போதே அடிக்கிறது.

ஆகஸ்ட் 12

மேடம் மோட்டார் புல்லியை மாற்றிச் சின்னதாகப் போட்டுவிட்டார். பம்பின் வேகம் குறைந்துவிட்டது. நான் சும்மா இருக்கவில்லை.

"வேகத்தக் கொறச்சா மணலு பைப்புலயே தங்கிப்போயிரும் மேடம். அப்பறம் பைப்ப அறுத்துத்தான் எடுக்கோணும்."

"தங்காத அளவுக்குத்தான் குறைச்சிருக்கேன் அண்ணா. தேவைக்கு மேல ஓட்டினா அந்த வேகம் முழுக்க இரும்பைத்தான் அரிக்கும். வேகம் கொஞ்சம் ஏறினாலே தேய்மானம் பல மடங்கு ஏறும்."

சம்புக்கு மேலே ஒரு கம்பி வலையும் போட்டார், கல் விழாமல் இருக்க. இம்பெல்லருக்கும் முன் தகட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை வாரத்துக்கு ஒருதரம் போல்ட்டைத் திருகிச் சரி செய்ய வேண்டுமாம். பத்தொன்பது வருஷத்தில் அந்த போல்ட்டை நான் தொட்டதே இல்லை. இதை மேடத்திடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இருபது. இந்த வாரம் மூன்று மில்லிதான். பைப்பில் மணலும் தங்கவில்லை. மேடம் என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிக்கட்டும், உரிமை இருக்கிறது.

ஆனாலும் வாரத்துக்கு மூன்று என்றால் செப்டம்பர் பத்தாம் தேதி வாக்கில் சங்கு.

ஆகஸ்ட் 20

முன்பெல்லாம் இம்பெல்லர் எத்தனை நாள் தாங்கியது என்று மேடம் கேட்டார். எனக்குத் தெரிந்து இருபத்தாறுதான் என்றேன். பழைய ஷிஃப்ட் நோட்டுகளை எடுத்து வரச் சொன்னார். எடை மேடை ரூமில் மூட்டையாகக் கிடக்கின்றன. கரையான் போக மீதி.

ஆகஸ்ட் 21

மூட்டையைப் பிரித்தோம். மேடம் ஒவ்வொரு இம்பெல்லருக்கும் தேதி பார்த்து நாள் எண்ணினார். ஆரம்பத்தில் அறுபது நாள், ஐம்பத்தெட்டு, அறுபத்திரண்டு. நானே மறந்துபோயிருக்கிறேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் திடீரென்று நாற்பதாகிறது, பிறகு முப்பத்தொன்று, பிறகு இருபத்தாறு.

"அந்த வருஷம் என்ன அண்ணா மாறுச்சு? கல்லு வேற எடத்துல இருந்து வந்துச்சா?"

"ஆமாங்க, கல்லு மாறியிருக்கும்" என்றேன்.

கல் மாறவில்லை. அந்த வருஷத்து நோட்டு மட்டும் மூட்டையில் இல்லை. கரையான் தின்றிருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பதினேழு. எருமை ஒன்றுக்கு மடி வீக்கம். பாக்கியம் மஞ்சள் அரைத்துப் போட்டாள். மதிய ஷிஃப்ட்காரருக்கு எருமை வைத்தியம் நன்றாகத் தெரியும். அவரைக் கேட்கலாமே என்றாள். நான் கேட்பதாக இல்லை.

ஆகஸ்ட் 26

மேடம் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து பம்பு ரூமிலேயே உட்கார்ந்திருந்தார். கரன்ட் எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிவரை முள் அசையாமல் நின்றது. ஒன்றரைக்கு நான் சம்பைக் காலி செய்ய ஆரம்பித்தேன். முள் ஆட ஆரம்பித்தது. பம்பு கரகரவென்று கத்தியது. பல வருஷமாக எனக்குப் பழகிய சத்தம். வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்கிற சத்தம். கேட்டாலே பசிக்கும்.

மேடம் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார்.

ஆகஸ்ட் 28

மேடம் உட்கார வைத்துச் சொன்னார். சம்ப் காலியாகும்போது பம்பு மணலோடு காற்றையும் சேர்த்து மெல்லுகிறது. அடியில் படிந்த மணல் மொத்தமும் களி மாதிரி ஒரே கட்டியாக உள்ளே போகிறது. காலிச் சம்ப் மறுபடி நிறைகிற வரைக்கும் இதே கதைதான். மதியம் ஒருதரம், ராத்திரி மூடும்போது ஒருதரம். மீதி நேரம் எல்லாம் சேர்ந்து தேய்ப்பதைவிட இது அதிகம் தேய்க்கிறது.

"யாரு அண்ணா காலி பண்ணச் சொன்னது? எந்தப் புத்தகத்துலயும் இப்படி இல்லையே."

"பழக்கமுங்க" என்றேன்.

"இனிமே பாதிக்குக் கீழ எறக்காதீங்க. ராத்திரி மூடும்போது மணலை நிறுத்திட்டு நல்ல தண்ணியைப் பத்து நிமிஷம் விட்டு ஓட்டி, பாதி தண்ணியோட நிறுத்திடணும். மதிய ஷிஃப்ட்காரர்கிட்டயும் சொல்லிட்டேன், தலையாட்டினாரு."

இரண்டு மணிக்குப் பாதிச் சம்பை விட்டுவிட்டு, நோட்டில் 'மேடம் உத்தரவுப்படி' என்று பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டுவிட்டு, பின்பக்க கேட் வழியாக வந்துவிட்டேன். வழியெல்லாம் வேட்டி அவிழ்ந்த மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 29

காலையில் வந்து பார்த்தால் சம்ப் காலி. சொட்டுத் தண்ணீர் இல்லை. அடியை விளக்குமாற்றால் கூட்டியிருக்கிறது. கோலம் ஒன்றுதான் போடவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பதினைந்து. நான் நிறுத்தியதால் ஒரு மில்லி மிச்சம். அவர் நிறுத்தவில்லை.

செப்டம்பர் 3

காலையில் காலி. கூட்டியிருக்கிறது. எருமைக்கு மடி சரியாகிவிட்டது. பாக்கியமே அவர் வீட்டுக்குப் போய் ஏதோ தழை வாங்கி வந்திருக்கிறாள். என்னிடம் சொல்லாமல். "எருமைக்கு உங்க சண்ட தெரியுமாக்கு?" என்கிறாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பதின்மூன்று. மீதி மூன்று மில்லி, ஐந்து வாரம். கணக்கு எனக்கும் வரும்.

மேடம் சோர்ந்துபோயிருந்தார். "நான் அவர்கிட்ட மறுபடியும் கேட்டேன் அண்ணா. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. 'சம்புல தண்ணி விட்டுட்டுப் போனா எழுதிப்போடுவாங்க மேடம்'னு. யாரு எழுதுவாங்க?"

தெரியவில்லை என்றேன். பதினான்கு பேரில் ஒருத்தன் கண்ணுக்கு நேரே பொய் சொல்வதைப் பாவம் அவர் கவனிக்கவில்லை.

செப்டம்பர் 8

பம்பைப் பற்றி மட்டும் எழுதச் சொன்னார்கள். இதுவும் பம்பைப் பற்றித்தான். இருந்தாலும் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் டைரியைக் கொடுப்பேன்.

அந்த வருஷத்து நோட்டைக் கரையான் தின்னவில்லை. இரண்டரை வாரமாக என் சாப்பாட்டுப் பையில் இருக்கிறது.

மதிய ஷிஃப்ட்காரர் பெயர் சென்னியப்பன். நானும் அவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். அவர் எனக்கு மாப்ள, நான் அவருக்கு மாப்ள. பத்து வருஷம் அப்படித்தான் இருந்தோம். அப்போது அவர் காலை ஷிஃப்ட், நான் மதியம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு செப்டம்பரில் நான் வரும்போது பம்பு நின்றிருந்தது, சம்ப் விளிம்பு வரை நிறைந்திருந்தது, ஆளைக் காணோம். எனக்கு வந்த கோபத்தில் சிவப்புப் பேனாவை எடுத்து, 'சம்ப் நிறைய. ஒப்படைத்தவருக்குப் பொறுப்பில்லை' என்று எழுதினேன். அப்போதிருந்த மேனேஜர் அதை ஆயுத பூஜையன்று எல்லாருக்கும் முன்னால் வாசித்தார். சென்னியப்பன் கையில் பொரித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனவர்தான். பிறகு மதிய ஷிஃப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ராத்திரி ஆலை ஓடாது என்பதால், அதன் பிறகு அவர் எனக்கு நேருக்கு நேர் எதையும் ஒப்படைக்க வேண்டியதில்லை. நான் அவருக்கு ஒப்படைக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க இரண்டுக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே பின்பக்க கேட்டில் போய்விடுவேன்.

அன்றிலிருந்து அவர் சம்பைத் துடைத்து வைக்கிறார். நான் சும்மா இருப்பேனா. நானும் துடைத்து வைத்தேன். அதற்கு முன்னால் ஏதோ பேருக்குத்தான் காலி செய்வோம். ஒரு முழம் தண்ணீர் இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். ஒன்பது வருஷமாக இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு பம்பைக் கத்தவிட்டிருக்கிறோம். அறுபது நாள் இருபத்தாறானது அதனால்தான்.

அதுகூடப் பரவாயில்லை. இன்று மதியம் சாப்பிட்டுவிட்டு அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். என் சிவப்பு எழுத்துக்கு மேலே அவர் கையெழுத்தில் நீல மையில் இரண்டு வரி இருக்கிறது. 'பம்பு காத்து இழுக்குது. ஓட்டினா தேஞ்சுரும், சம்ப் நிறையட்டும்னு நிறுத்தியிருக்கேன். நின்னு சொல்ல முடியல மாப்ள, பஸ் போயிரும்.'

அன்றைக்கு நான் அதைப் படிக்கவே இல்லை. கோபத்தில் நேராகப் பேனாவைத்தான் தேடியிருக்கிறேன். இப்போது மேடம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கண்டுபிடித்ததை அந்த மனுஷன் ஒன்பது வருஷத்துக்கு முன்னாலேயே காதால் கண்டுபிடித்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. பாக்கியம் கேட்டாள், வயிறு சரியில்லை என்றேன்.

செப்டம்பர் 9

இன்று பின்பக்க கேட்டுக்குப் போகவில்லை. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக ரூமிலேயே நின்றேன். சென்னியப்பன் வந்தார். என்னைப் பார்த்ததும் கதவருகிலேயே நின்றார். தலை நன்றாக நரைத்திருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தபோது இவ்வளவு தெரியவில்லை.

நோட்டைத் திறந்து நீட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். நீல மை, சிவப்பு மை இரண்டையும். பம்பு ஓடிக்கொண்டிருந்தது.

"இத நான் அன்னிக்கு படிக்கலீங்க" என்றேன். "நேத்துத்தான் படிச்சேன். நீங்க பண்ணுனதுதான் செரி."

அவர் நீல வரியின் மேல் விரலை வைத்தார்.

"பஸ் போயிரும்னு எழுதியிருக்கறேன்" என்றார். "அன்னிக்கு பஸ்ஸும் போயிருச்சுங்க. பரமத்தி வேலூர் வரைக்கும் நடந்துதான் போனேன்."

"உங்களுக்கு நான் எழுதிப்போடுவேன்னு பயமா?"

"பயம் இல்லீங்க. இன்னொருக்கா அப்படி எழுதறதுக்கு உங்களுக்கு எடம் குடுக்கக் கூடாதுன்னு இருந்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மீட்டரைப் பார்க்கப் போய்விட்டார். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுத்தான் பேசினார், நானும் அப்படித்தான். அது என்னவோ போல இருந்தது.

நோட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 10

காலையில் சம்ப் பாதி. சுவரில் பாதி மட்டத்துக்குச் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு இழுத்திருக்கிறது. நூல் பிடித்த மாதிரி நேராக. தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது.

செப்டம்பர் 14, ஞாயிறு

பன்னிரண்டரை. மேடம் மூன்று தடவை அளந்தார். அரை மில்லிதான். என்ன அண்ணா பண்ணீங்க என்றார். பேசினேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. பாக்கியத்துக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் பிடித்த கொள்ளுப் பருப்பு வைத்தாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பன்னிரண்டு.

செப்டம்பர் 25

போல்ட்டைத் திருகினேன். இரண்டு மணிக்கு அவர் வருகிற வரை நிற்கிறேன். "பாதிங்க" என்கிறேன். "செரிங்க" என்கிறார். அவ்வளவுதான். இரண்டு தபால்காரர்கள் மாதிரி இருக்கிறது. இருந்தாலும் பின்பக்க கேட்டில் போவதைவிட மேல்.

செப்டம்பர் 28, ஞாயிறு

பதினொன்றரை. பம்பு கத்துவதே இல்லை. இரண்டு மணியானால் பசிக்கவும் மறந்துவிடுகிறது.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. பம்புக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று எல்லாம் ஆயிற்று. பதினான்கு பேரும் வந்திருந்தார்கள். மேடம் புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். முதலாளியும் இருந்தார். கற்பூரம் காட்டி முடித்ததும் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு நிமிஷம் என்றேன்.

நோட்டைக் கொண்டுவரச் சொல்லி சென்னியப்பன் கேட்கவில்லை. ஆனால் வாசித்த இடத்தில்தானே திருப்பி வாசிக்க வேண்டும். என் சிவப்பு வரிக்குக் கீழே நேற்றே நீல மையில் எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டு வைத்திருந்தேன். அவருடைய இரண்டு வரியை முதலில் வாசித்தேன். அப்புறம் என்னுடையதை. 'மேலே சிவப்பில் எழுதியிருப்பது தவறு. ஒப்படைத்தவர் பம்பைக் காப்பாற்றத்தான் நிறுத்தினார். நான் படிக்காமல் எழுதிவிட்டேன். அர்த்தநாரி.' 'மாப்ள' என்ற இடம் வந்தபோது வரியைத் தவறவிட்டு மறுபடி வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் நான் அதையும் பொறுத்துக்கொள்வதாகத்தான் இருந்தேன்.

சென்னியப்பன் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். அதை உடைத்த சத்தம் எடை மேடை வரைக்கும் கேட்டிருக்கும். திரும்பி வந்து பொரித் தட்டை எடுத்து ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். எனக்கு இரண்டு கை நிறையக் கொடுத்தார்.

அக்டோபர் 5, ஞாயிறு

பதினொன்று. இன்னும் ஒரு வாரம். நான் இப்போதெல்லாம் ஓசூரைப் பற்றி யோசிப்பதில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

புது இம்பெல்லர் வந்து இறங்கியது. பழையதைக் கழற்றி அளந்தோம். பத்தரை. எழுபது நாள் தாங்கிவிட்டது, அதுவும் பிரிவு ஒரு நாள்கூட நிற்காமல். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார். மணல் ஆலையில் அது நல்ல சாக்கு, நானும் அதையே சொன்னேன்.

இந்த டைரியைக் கேட்டார். ஒரு பக்கத்தைக் கிழிக்க வேண்டும், நாளைக்குத் தருகிறேன் என்றேன். அப்புறம் யோசித்தேன். கிழிக்கவில்லை. அந்த வருஷம் என்ன மாறியது என்று அவர் கேட்ட கேள்விக்கு விடை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

அக்டோபர் 13, திங்கள்

புதியது இருபத்தெட்டு மில்லி. காலை முழுதும் சத்தமில்லாமல் ஓடியது. ஒன்றே முக்காலுக்குத் தண்ணீர் சுண்ணாம்புக் கோட்டில் நின்றது. இரண்டுக்குச் சென்னியப்பன் வந்தார். கையில் இரண்டு டீ. ஒன்றை என்னிடம் நீட்டினார். சர்க்கரை தூக்கலாக இருந்தது, நான் அப்படித்தான் குடிப்பேன். ஒன்பது வருஷமாகியும் மறக்கவில்லை.

குடித்து முடித்துவிட்டுப் பையை எடுத்தேன். வழக்கமாகச் சொல்கிற மாதிரி 'பாதிங்க' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"பாதி வெச்சிருக்கேன் மாப்ள, பார்த்துக்க" என்றேன்.

அவர் சம்பை எட்டிப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கெளம்பு மாப்ள. பஸ் போயிரும்" என்றார்.